அப்பத்தாவின் மஞ்சப்பை



பனிமலை என்று சொன்னால் எல்லாருக்கும் இமயமலைதான் ஞாபகம் வரும். நம்ம கூடலூரில் பனி என்றால் மார்கழி மாசம் காலையில் திராட்சைத் தோட்டத்தில் இறங்குமே, அது மட்டும்தான். ஆனாலும் நம்ம ஊருக்கும் இமயமலைக்கும் ஒரு சொந்தம் உண்டு. சேரன் செங்குட்டுவன் இமயத்திலிருந்து கல் எடுத்து வந்து கண்ணகிக்குச் சிலை வைத்தான் என்று சிலப்பதிகாரம் சொல்கிறது. அந்தக் கண்ணகிக்கு நம்ம மலை உச்சியில்தான் மங்கலதேவி கோயில் இருக்கிறது. உயரம் சுமார் 1,337 மீட்டர். வருஷத்துக்கு ஒரே ஒரு நாள், சித்ரா பௌர்ணமிக்கு மட்டும்தான் விடுவார்கள். குமுளி வழியாக ஜீப்பில் போகலாம். நம்ம பக்கம் பளியன்குடியிலிருந்து ஆறரை கிலோமீட்டர் போல நடந்து ஏறலாம்.

போன வருஷம் அந்தப் பாதையில் நான் ஒரு தப்பு செய்தேன். வீட்டில்கூட அதை முழுசாகச் சொன்னதில்லை. நம்ம பள்ளிக்கூடத்தில் பாதிப் பேராவது இந்த வருஷமும் மலை ஏறுவீர்கள் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

நான், ஆறாவது படிக்கும் என் தம்பி, அப்பத்தா, பக்கத்து வீட்டுக்காரர்கள் என்று ஒரு கூட்டமாகக் கிளம்பினோம். முதல் நாள் ராத்திரியே அம்மா தம்பியின் பழைய ஸ்வெட்டரை மடித்து என் பைக்குள் வைத்திருந்தார்கள். நான் அதை எடுத்து வெளியே போட்டேன். "சித்திரை வெயில்ல எவனாவது ஸ்வெட்டர் போடுவானாம்மா?" என்று சிரித்தேன். காலில் ரப்பர் செருப்பு. புளிச்சோற்றுத் தூக்குவாளி கனமாக இருக்கிறது என்று அதையும் அப்பத்தாவிடமே கொடுத்துவிட்டேன். என் கையில் ஒரு சின்னத் தண்ணீர் பாட்டில் மட்டும்.

ஏறும்போது ஒன்றும் தெரியவில்லை. காலையிலேயே வேர்த்துக் கொட்டியது. நானும் தம்பியும் ஓட்டமும் நடையுமாக உச்சிக்குப் போய்ச் சேர்ந்தோம். பின்னால் கம்பை ஊன்றிக்கொண்டு மெதுவாக வந்த அப்பத்தா, "ஏத்தா, மலையில ஓடாதீங்கத்தா, இறங்குறதுக்கும் தெம்பு வேணும்ல" என்றது. நான் காதில் வாங்கவே இல்லை.

சாமி கும்பிட்டு இறங்கும்போதும் அதே அவசரம். "நாங்க முன்னாடி போறோம் அப்பத்தா" என்று சொல்லிவிட்டுத் தம்பியைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். பாதி தூரம்கூட வரவில்லை, மேகம் கட்டியது. கொஞ்ச நேரத்தில் கோடை மழை பிடித்துக்கொண்டது. கூடவே காற்று. மழை நின்றதும் மூடுபனி இறங்கியது. பத்தடி தூரத்தில் நிற்கிற மரம் தெரியவில்லை. முன்னால் போனவர்களையும் காணோம், பின்னால் வருகிறவர்களையும் காணோம்.

அப்போதாவது நான் நின்றிருக்க வேண்டும். அதுதான் இல்லை. வளைந்து போகும் பாதையை விட்டுவிட்டு, சறுக்கலாக ஒரு குறுக்கு வழி தெரிந்தது என்று அதில் இறங்கினேன். தம்பியின் செருப்பு வழுக்கி வார் அறுந்தது. அவன் சறுக்கிக்கொண்டு போய் ஒரு புதரில் நின்றான். பெரிய அடி இல்லை. ஆனால் பாதையை விட்டு வந்துவிட்டோம். "அக்கா, குளுருதுக்கா" என்றான். பருத்திச் சட்டை தொப்பலாக நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. பல் கிட்டியது. கொஞ்ச நேரம் கழித்து அவன் பேசியதே குழறலாக வந்தது. "கொஞ்சம் உக்காந்துக்கிறேன்க்கா, தூக்கம் வருது" என்றான். சோம்பேறி என்று நினைத்து நான் அவனைத் திட்டினேன். இன்றைக்கு நினைத்தாலும் அதுதான் எனக்கு ரொம்ப வலிக்கிறது.

நல்லவேளையாக மேலே பாதையில் ஆள் பேச்சு கேட்டது. நான் கத்தினேன். பக்கத்து வீட்டு மாமா இறங்கி வந்து தம்பியைத் தூக்கிப் போய்ப் பாதையில் விட்டார். அங்கே அப்பத்தா நின்றிருந்தது. என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. முதல் வேலையாகத் தம்பியின் ஈரச் சட்டையைக் கழற்றியது. தன் மஞ்சப்பைக்குள்ளிருந்து ஒரு துண்டை எடுத்துத் துவட்டியது. அடுத்து எடுத்தது எதை என்று நினைக்கிறீர்கள்? நான் தூக்கிப் போட்ட அதே ஸ்வெட்டர்! எனக்குத் தெரியாமல் எடுத்து வந்திருக்கிறது. அதை மாட்டிவிட்டு, ஒரு சாக்கைக் கொங்காணியாக மடித்துத் தலையோடு போர்த்தியது. வாயில் கருப்பட்டித் துண்டு ஒன்றைப் போட்டு, தன் மடியில் அணைத்துக்கொண்டது. கால் மணி நேரம் கழித்து, "புளிச்சோறு இருக்கா அப்பத்தா?" என்று தம்பி கேட்டபோதுதான் எனக்கு உயிர் வந்தது.

என் தாய்மாமா ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். லடாக்கில் பனியில் வேலை பார்த்தவர். அவரிடம் மட்டும் இதைச் சொன்னேன். "அப்பத்தா செஞ்சதைத்தான் எங்களுக்கும் சொல்லிக் குடுத்தாங்க" என்றார். "உடம்பு நடுங்குற வரைக்கும் அது குளிரோட சண்டை போடுதுன்னு அர்த்தம். பேச்சு குழறி, தூக்கம் வருதுன்னா தோக்க ஆரம்பிச்சிருச்சுன்னு அர்த்தம். அப்ப உக்கார வச்சுத் திட்டக் கூடாது. ஈரத்தைக் கழட்டணும், காஞ்சதைப் போடணும், தலையை மூடணும், காத்துல இருந்து மறைக்கணும், இனிப்பா ஏதாவது குடுக்கணும்."

பனியே பெய்யாத இடத்தில் எப்படி இப்படி ஆகும் என்று கேட்டேன். காற்றைவிடத் தண்ணீர் உடம்புச் சூட்டைச் சுமார் 25 மடங்கு வேகமாக இழுத்துவிடுமாம். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் 6 டிகிரி வெப்பமும் குறையும். ஈரமும் காற்றும் சேர்ந்தால் போதும், உறைபனி தேவையில்லை.

நிஜப் பனிமலை எப்படி இருக்கும் என்றும் மாமா சொன்னார். அங்கே ஒரே தடித்த உடுப்பைவிட இரண்டு மூன்று அடுக்காகப் போடுவதுதான் நல்லது. ஏறும்போது ஒன்றைக் கழற்றலாம், நிற்கும்போது போடலாம். வேர்வையில் நனைந்தாலும் ஆபத்துதான். வெள்ளைப் பனியில் வெயில் பட்டு கண் போய்விடாமல் இருக்கக் கறுப்புக் கண்ணாடி வேண்டும். புதுப் பனி விழுந்த சரிவில் எல்லாரும் ஒட்டிக்கொண்டு போகக் கூடாது, ஒருவர் கடந்த பிறகுதான் அடுத்தவர். உயரத்தில் தலைவலியும் வாந்தியும் வந்தால் மேலே ஏறக் கூடாது, குறையவில்லை என்றால் கீழே இறங்கிவிட வேண்டும். இத்தனை தெரிந்தவர்களையும் மலை விடுவதில்லை. 2016 பிப்ரவரி 3-ஆம் தேதி சியாச்சினில் சுமார் 19,600 அடி உயரத்தில் பனி சரிந்து 10 ராணுவ வீரர்களை மூடியது. ஆறு நாள் கழித்து உயிரோடு மீட்கப்பட்ட லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பாவும் பிப்ரவரி 11 அன்று இறந்துபோனார். அந்தப் பத்துப் பேரில் ஒருவர் நம்ம தேனி மாவட்டத்துக்காரர்.

நம்ம மாவட்டத்திலேயே நடந்ததையும் மறக்கக் கூடாது. 2018 மார்ச் 11-ஆம் தேதி, போடிக்கு மேலே குரங்கணி மலையில் காட்டுத் தீ. கொழுக்குமலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுவினர் அதில் சிக்கினார்கள். 23 பேர் இறந்தார்கள். காய்ந்த புல்லில் தீ மேட்டைப் பார்த்துத்தான் வேகமாக ஏறும். அதனால் தீ கீழே இருந்தால் மேல் பக்கம் ஓடக் கூடாது. புல் இல்லாத பாறைக்கோ, ஏற்கெனவே எரிந்து முடிந்த இடத்துக்கோ போக வேண்டும். பாலியஸ்டர் உடுப்பு உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும், தீக்குப் பருத்திதான் நல்லது. பாருங்கள், மழைக்கு ஆகாத பருத்தி தீக்கு ஆகிறது! எந்த மலை, எந்த மாசம் என்று தெரிந்துகொண்டுதான் கிளம்ப வேண்டும்.

மாமாவையும் அப்பத்தாவையும் கேட்டு நான் என் நோட்டில் எழுதி வைத்திருப்பது இதுதான்:

1. வனத்துறை அனுமதித்த நாளில், அனுமதித்த பாதையில் மட்டும் போக வேண்டும்.
2. எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்று வீட்டில் சொல்ல வேண்டும்.
3. வார் வைத்த செருப்போ ஷூவோ போட வேண்டும். ரப்பர் செருப்பு ஆகாது.
4. காய்ந்த உடுப்பு ஒன்று, போர்வையோ சாக்கோ ஒன்று, தண்ணீர், கருப்பட்டி, விசில், டார்ச் லைட்.
5. கூட்டத்தில் யார் மெதுவாக நடக்கிறார்களோ அவர்கள் வேகத்தில்தான் எல்லாரும் நடக்க வேண்டும்.
6. மூடுபனி இறங்கினால் நிற்க வேண்டும். குறுக்கு வழி வேண்டாம்.
7. வானம் கறுத்தால் பாதியில் திரும்பலாம். அது வெட்கம் இல்லை. மலை எங்கேயும் போகாது.

ஏழாவதை எழுதச் சொன்னது அப்பத்தா.

இந்த வருஷம் அப்பத்தாவுக்கு முழங்கால் வலி. மலைக்கு வர முடியாது. நேற்று ராத்திரி மஞ்சப்பையைத் துவைத்துக் காயப்போட்டு என்னிடம் கொடுத்தது. "தம்பியப் பாத்துக்கத்தா" என்றது. உள்ளே துண்டு, சாக்கு, கருப்பட்டி இருந்தது. ஸ்வெட்டரை நானே எடுத்து வைத்தேன். இதைப் படித்த பிறகு அம்மா என்னைத் திட்டினாலும் பரவாயில்லை.



— ஒன்பதாம் வகுப்பு, 'ஆ' பிரிவு மாணவி