அத்தாவின் கணக்கும் ஒரு மதர்போர்டும்



சென்ற ஆண்டு துல்கஅதா மாதத்தில் எங்கள் அத்தா வஃபாத்தானார்கள். திண்டுக்கல் பேகம்பூர் பள்ளிவாசலில் ஜனாஸாத் தொழுகைக்காக ஸஃப்புகள் நின்றபோது, நம் ஊர்களில் வழக்கமாகச் செய்வதைப் போல எங்களுள் மூத்தவர் முன்வந்து அறிவித்தார். அத்தாவுக்கும் எவருக்கேனும் இடையில் கொடுக்கல் வாங்கல் இருப்பின் எங்களிடம் தெரிவியுங்கள், இனி அது எங்கள் பொறுப்பு என்றார். அன்று எவரும் வரவில்லை. அடுத்து வந்த ஒரு மாதத்திலும் எவரும் வரவில்லை.

கடன் இல்லாததால் வரவில்லை என எண்ணி அமைதி கொள்ள எங்களால் இயலவில்லை. அத்தா நாற்பது ஆண்டுகள் பூட்டு வியாபாரம் செய்தவர்கள். திண்டுக்கல் பூட்டுக்கு 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்ததை நாம் அறிவோம். அந்தப் பூட்டுகளில் பெரும்பாலானவை வீடுகளிலும் சிறு பட்டறைகளிலும் கையால் செய்யப்படுபவை. நாகல்நகரிலிருந்தும் நல்லாம்பட்டியிலிருந்தும் பூட்டுத் தொழிலாளர்கள் அத்தாவின் கடையில் சரக்கை இறக்கிவிட்டுச் செல்வார்கள். விற்ற பின்னர் பணம் பெறுவார்கள். ஆக, அத்தா அவர்களுக்குத் தரவேண்டியது ஏதேனும் இருந்தே தீரும். அக்கணக்கு எங்கே உள்ளது என்பதும் எங்களுக்குத் தெரியும். கடையின் மூலையில் இருந்த பழைய கணினியில் உள்ளது. அந்தக் கணினியோ, அத்தா நோயுற்றுப் படுத்த வாரத்திலேயே இயங்காமல் நின்றுவிட்டது.

கடனுடன் இறந்த ஒருவரின் ஜனாஸா கொண்டுவரப்பட்டபோது நபி (ஸல்) அவர்கள் அக்கடனைப் பற்றி வினவியதையும், அபூ கதாதா (ரலி) அவர்கள் அதைத் தாம் ஏற்றுக்கொண்ட பின்னரே தொழுகை நடத்தியதையும் நாம் பயான்களில் பலமுறை கேட்டிருக்கிறோம். கேட்கும்போது அது வேறொருவருடைய செய்தியாக இருந்தது. இப்போது அது எங்கள் வீட்டுச் செய்தியாயிற்று. இத்தாவில் இருந்த அம்மா எங்கள் மூவரையும் அழைத்து ஒரே ஒரு சொல் சொன்னார்கள்: "அந்தப் பெட்டியைத் திறந்து பார்க்காமல் பங்கு பற்றிப் பேசாதீர்கள்."

முதலில் அருகிலிருந்த ஒரு கடையில் காட்டினோம். இது மிகவும் பழையது, இதற்குச் செலவழிப்பதை விடப் புதிய கணினி வாங்குங்கள் என்று கூறினார்கள். பாலிடெக்னிக்கில் பயிலும் எங்கள் தங்கை மகன் அதை ஏற்கவில்லை. அவன் ஹார்டு டிஸ்கைக் கழற்றித் தன் மடிக்கணினியுடன் இணைத்தான். அல்ஹம்துலில்லாஹ், வட்டு நலமாக இருந்தது. முதல் வேலையாக அதிலுள்ள அனைத்தையும் வேறொரு வட்டில் படியெடுத்து வைத்தான். பழைய கணினியைத் தொடும் எவரும் முதலில் செய்ய வேண்டியது இதுவே.

ஆயினும் கணக்கைப் படிக்க முடியவில்லை. பல ஆண்டுகளுக்கு முன்னர் உள்ளூர் இளைஞர் ஒருவர் கடைக்கென எழுதிக் கொடுத்த மென்பொருள் அது. நிறுவப்பட்ட அந்த விண்டோஸ் 7இல் மட்டுமே இயங்கியது. எழுதியவர் வளைகுடாவுக்குச் சென்று தொடர்பற்றுப் போனார். கணக்குக் கோப்பை நேரடியாகத் திறந்தால், ஒருங்குறிக்கு முற்பட்ட எழுத்துருவில் அடிக்கப்பட்ட தமிழ்ப் பெயர்கள் பொருளற்ற குறிகளாகத் தோன்றின. எனவே அந்தக் கணினியே மீண்டும் எழுந்தாக வேண்டும் என்று முடிவு செய்தோம்.

நோய் எதுவென அறிய ஒவ்வொன்றாக விலக்கிப் பார்த்தோம். பொத்தானை அழுத்தினால் ஃபேன் சுழன்றது. திரையில் ஒன்றும் வரவில்லை. ராமைக் கழற்றி, அதன் பொன்னிற முனைகளை அழிப்பானால் தேய்த்து மீண்டும் பொருத்தினோம், பயனில்லை. வேறொரு எஸ்.எம்.பி.எஸ். இணைத்துப் பார்த்தோம், அதற்கும் அசையவில்லை. பின்னர் விளக்கைப் பிடித்து உள்ளே நோக்கியபோது, பிராசசரை ஒட்டி நின்ற கெப்பாசிட்டர்களில் மூன்றின் தலை உப்பிப் பழுப்பு நிறம் கசிந்திருந்தது. தாய்ப்பலகை எனத் தமிழில் வழங்கும் மதர்போர்டுதான் மடிந்திருந்தது.

புதிய மதர்போர்டு எதையும் வாங்கிவிட இயலாது. அத்தாவின் பிராசசர் இன்டலின் இரண்டாம் தலைமுறை ஐ3. அது 1155 முனைகள் கொண்ட சாக்கெட்டில் மட்டுமே அமரும்; டிடிஆர்3 ராம் மட்டுமே அதற்குப் பொருந்தும். திண்டுக்கல் பூட்டின் சாவி தன் பூட்டை அன்றி வேறொன்றைத் திறக்காது என்று அத்தா வாடிக்கையாளர்களிடம் பெருமையுடன் கூறுவார்கள், இதுவும் அத்தகையதே. பழைய போர்டில் இருந்தது 2011இல் வெளிவந்த எச்61 வகைச் சிப்செட். அதே சிப்செட் உள்ள போர்டு கிடைத்தால், பழைய விண்டோஸ் அந்நியரைக் கண்டது போல் மிரளாது என்றான் தங்கை மகன். மதுரைக்குச் சென்று தேடி அவ்வகையில் ஒன்றை வாங்கி வந்தோம்.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் கூடத்தில் வெள்ளைத் துணி விரித்து வேலையைத் தொடங்கினோம். மின்கம்பியைப் பிடுங்கிய பின்னர், உள்ளே எஞ்சிய மின்சாரம் வடியப் பொத்தானைச் சில நொடிகள் அழுத்தினோம். கேபினெட்டின் வெற்று உலோகத்தைத் தொட்டு உடலின் நிலைமின்சாரத்தைப் போக்கினோம். பழைய கம்பிகள் எங்கெங்கே செருகப்பட்டிருந்தன என்பதைப் படம் எடுத்துக்கொண்டோம். பிறகு பழைய போர்டைக் கழற்றி, பின்பக்கத் துளைகளுக்கான தகட்டை மாற்றினோம். கேபினெட்டில் போர்டைத் தாங்கும் சிறு பித்தளைத் தூண்களை எண்ணிப் பார்த்து, புதிய போர்டின் துளைக்கு நேரில்லாத ஒன்றை அகற்றினோம். அது அங்கேயே இருந்திருந்தால் போர்டின் அடியில் உரசி மின்சுற்றைக் குறுக்கியிருக்கும்.

பிராசசரைப் பொருத்துவதே அச்சமூட்டிய வேலை. இவ்வகையில் ஊசிமுனைகள் பிராசசரில் இல்லை. போர்டின் சாக்கெட்டில் உள்ளன. விரல் பட்டு ஒன்று வளைந்தாலும் போர்டு வீண். மூலையிலுள்ள முக்கோணக் குறியையும் ஓரத்திலுள்ள இரு வெட்டுகளையும் பார்த்து, அழுத்தாமல், தானாக அமரும்படி வைத்தோம். பட்டாணி அளவு தெர்மல் பேஸ்ட் இட்டு அதன் மேல் ஃபேனைப் பூட்டினோம். போர்டைக் கேபினெட்டில் வைத்து, திருகுகளைக் குறுக்கும் நெடுக்குமாகச் சிறிது சிறிதாக இறுக்கினோம். தங்கை கையேட்டை வாசிக்க, இளையவர் முன்பக்கப் பொத்தானின் மெல்லிய கம்பிகளை ஒவ்வொன்றாகச் செருகினார்.

பொத்தானை அழுத்தினோம். ஃபேன் சுழன்றது, திரை இருண்டே இருந்தது. ஒருவரை ஒருவர் நோக்கியபடி நின்றோம். வாங்கிய போர்டும் பழுதோ, பிராசசரும் போயிற்றோ என்று மனம் ஓடியது. அப்போது தங்கை கையேட்டின் ஒரு படத்தில் விரலை வைத்தார். 24 முனை கொண்ட பெரிய மின்னிணைப்பைக் கொடுத்த நாங்கள், பிராசசருக்கென்றே தனியாக உள்ள 4 முனை இணைப்பை மறந்திருந்தோம். அதைச் செருகியதும் ஒரு பீப் ஒலி எழுந்தது. திரையில் எழுத்துகள் தோன்றின. மாஷா அல்லாஹ் என்று அம்மாவின் குரல் உள்ளறையிலிருந்து கேட்டது.

ஆயினும் விண்டோஸ் பாதி எழுந்து, நீலத்திரையைக் காட்டி மீண்டும் மீண்டும் வீழ்ந்தது. ஏழு-பி என முடியும் பிழைக்குறி அதில் இருந்தது. வட்டைத் தன்னால் அணுக இயலவில்லை என்பதே அதன் பொருள் எனத் தங்கை மகன் விளக்கினான். அத்தாவின் விண்டோஸ் நிறுவப்பட்ட நாளில், வட்டு ஐ.டி.இ. எனும் பழைய முறையில் இணைந்திருந்தது. புதிய போர்டோ ஏ.எச்.சி.ஐ. எனும் பிந்தைய முறையை இயல்பாகக் கொண்டிருந்தது. பயாஸுக்குள் சென்று சாட்டா முறையை ஐ.டி.இ. என மாற்றிச் சேமித்தோம். இரண்டு நிமிடங்களில் கடையின் பெயர் தாங்கிய அந்தப் பழைய முகப்பு எங்கள் முன் விரிந்தது.

கணக்கைத் திறந்தோம். அங்கேதான் எங்களுக்கான தண்டனை காத்திருந்தது. அத்தாவின் இறுதி ஐந்து மாதப் பதிவுகள் அனைத்தும் ஒரே தேதியில் இருந்தன: 2011 ஜனவரி 1.

காரணம் உடனே விளங்கியது. மதர்போர்டில் காசு வடிவில் சிஆர்2032 எனும் 3 வோல்ட் பேட்டரி ஒன்று உண்டு. மின்சாரம் இல்லாத நேரத்தில் கணினியின் கடிகாரம் அதைக் கொண்டே ஓடும். அது தீர்ந்துவிட்டால், மின்சாரத்தை நிறுத்திப் போட்டவுடன் தேதி தொடக்கத்திற்குத் திரும்பிவிடும். தொடர எஃப்1 அழுத்துக என்று திரை கேட்கும். அத்தா எங்களிடம் அதைத் தொலைபேசியில் கூறியிருந்தார்கள். ஒருமுறை அன்று, மூன்று நான்கு முறை கூறியிருந்தார்கள். சென்னையிலும் திருப்பூரிலும் வேலையில் மூழ்கியிருந்த நாங்கள், "எஃப்1 அழுத்துங்கள் அத்தா, ஒன்றும் ஆகாது" என்று கூறி வைத்துவிட்டோம். ஐம்பது ரூபாய்க்கும் குறைவான ஒரு பேட்டரி அது. உள்ளூரிலேயே இருந்த தங்கையும் அதைப் பொருட்படுத்தவில்லை. அத்தா ஒவ்வொரு காலையும் எஃப்1 அழுத்தினார்கள்.

ஆனால் அவர்கள் அத்துடன் விடவில்லை. குறிப்பு எனும் கட்டத்தில், ஒவ்வொரு பதிவுக்கும் எதிரே தம் கைப்படப் பிறைக் கணக்கைத் தட்டி வைத்திருந்தார்கள். ஷஃபான் பிறை 9. ரமலான் பிறை 21. ஷவ்வால் பிறை 14. இயந்திரம் நாளை மறந்தது, அத்தா மறக்கவில்லை. கடனைத் தவணையுடன் எழுதி வைக்குமாறு பணிக்கும் சூரத்துல் பகராவின் 282ஆம் வசனம், குர்ஆனிலேயே மிக நீளமான வசனம் என்பதை மதரஸாவில் பயின்றிருக்கிறோம். அதைப் பின்பற்றுவது எப்படி என்பதை அந்தக் கட்டத்தில்தான் கண்டோம். மூவரும் சற்று நேரம் பேசவில்லை.

பயாஸில் சரியான தேதியை இட்டு, பட்டியலை அச்சிட்டோம். பதினொருவருக்குத் தரவேண்டியது, மொத்தம் 41,650 ரூபாய். மறுநாள் தொடங்கி ஒவ்வொரு வீடாகச் சென்றோம். நல்லாம்பட்டியில் 24 மாங்காய்ப் பூட்டுகளுக்கு 4,200 ரூபாய் பெற வேண்டிய முதியவர், உறையை வாங்கி நீண்ட நேரம் கையில் வைத்திருந்தார். ஏன் ஐயா எங்களிடம் கேட்கவில்லை என்றோம். "பாயிடம் நான் ஒருநாளும் கேட்டு வாங்கியதில்லை. அவரே கூப்பிட்டுக் கொடுப்பார். அவர் போன வீட்டில் வந்து எப்படிக் கேட்பது?" என்றார். அவர் முஸ்லிம் அல்லர். பள்ளிவாசலில் நாங்கள் செய்த அறிவிப்பு அவர் காதுக்கு எட்டியிருக்கவே இல்லை. அறிவித்துவிட்டோம் என்று நாங்கள் கொண்டிருந்த நிம்மதி எவ்வளவு சிறியது என்பது அப்போது புரிந்தது.

பத்துப் பேருக்கும் கொடுத்து முடித்தோம். பதினோராவது பதிவில் "நாகல்நகர் அண்ணன், 2,300" என்று மட்டுமே உள்ளது. அத்தாவுக்கு அவர் யார் என்று தெரியும். அதனால் பெயர் எழுதவில்லை. நாகல்நகரில் பட்டறை பட்டறையாக விசாரித்தோம். அத்தாவை அறியாதவர் இல்லை. தமக்குப் பாக்கி உண்டு என்று கூறியவரும் இல்லை. இமாம் அவர்களிடம் கேட்டோம். இயன்றவரை தேடுங்கள், கிடைக்கவே இல்லையெனில் உரியவரின் பெயரில் ஸதகா செய்யுங்கள், பின்னொரு நாள் அவர் வந்தால் மீண்டும் கொடுங்கள் என்றார்கள். அந்த உறை இன்றும் அம்மாவின் அலமாரியில் உள்ளது. இன்னும் தேடுகிறோம்.

சகோதரர்களே, வீட்டிலும் கடையிலும் பழைய கணினி வைத்திருப்போரிடம் நாங்கள் கேட்டுக்கொள்வது இவ்வளவே. தேதி தவறாகக் காட்டினால் அன்றே பேட்டரியை மாற்றுங்கள். வட்டில் உள்ளதற்கு வெளியே ஒரு படி வையுங்கள். பயாஸில் சாட்டா முறை எதுவென்று ஒரு தாளில் குறித்துக் கேபினெட்டின் உள்ளே ஒட்டிவிடுங்கள். தரவேண்டியவரின் முழுப்பெயரையும் ஊரையும் தாளில் எழுதி, வீட்டில் ஒருவருக்கேனும் காட்டுங்கள். வயதான பெற்றோர் தொலைபேசியில் ஒரு சிறு பழுதைக் கூறினால், அடுத்த முறை ஊருக்குச் செல்லும்போது அதை உங்கள் கையால் சரிசெய்யுங்கள்.

எங்கள் அத்தாவின் மஃபிரத்துக்காக துஆ செய்யுங்கள். நாகல்நகர் அண்ணன் யாரென்று உங்களில் எவருக்கேனும் தெரிந்தால், அத்தாவின் கடையில் வந்து சொல்லுங்கள். கடை அஸருக்குப் பின் திறந்திருக்கும்.