ரொறன்ரோ மிருகக்காட்சிச்சாலை: குளிர்நாட்டில் வெப்பநாட்டு விலங்குகள்

ரொறன்ரோ மிருகக்காட்சிச்சாலை ஸ்காபறோவின் வடகிழக்கு மூலையில், ரூஜ் ஆற்றுப் பள்ளத்தாக்கின் மேட்டிலும் சரிவிலுமாகப் பரந்து கிடக்கிறது. பரப்பு 287 ஹெக்டேர், ஏறத்தாழ 710 ஏக்கர். கனடாவில் இதைவிடப் பெரிய மிருகக்காட்சிச்சாலை இல்லை. 1974 ஓகஸ்ட் 15ஆம் திகதி திறக்கப்பட்ட இது, நகரசபைக்குச் சொந்தமானது. 1983க்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த தமிழர் பெருந்தொகையாகக் குடியேறிய பகுதியும் ஸ்காபறோதான். அதனால் இங்குள்ள தமிழ்க் குடும்பங்களுக்கு இது பக்கத்து வளவு போன்றது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஆசிரியரோடு வருவார்கள். ஊரிலிருந்து வந்த அம்மம்மாவை நயாகராவுக்கு அடுத்தபடியாகக் கூட்டிவருவதும் இங்கேதான்.

இதற்கு முன்பு நகரத்தின் மிருகக்காட்சிச்சாலை டொன் ஆற்றோரத்தில், ரிவர்டேலில் இருந்தது. 1888இல் தொடங்கிய அது, அருகிலிருந்த டொன் சிறையின் கைதிகளின் உழைப்பில் அமைந்த பூங்காவில் வளர்ந்தது. இரும்புக் கம்பிக் கூடு, சீமெந்துத் தரை, ஒடுங்கிய இடம் என்று அக்காலத்து வழக்கப்படி இருந்தது. புதியது திறக்கப்பட்ட அதே ஆண்டில் அது மூடப்பட்டது. அந்த நிலத்தில் இப்போது ஆடும் மாடும் கோழியும் உள்ள ஒரு சிறு பண்ணை இருக்கிறது.

புதிய இடத்தை வகுத்தவர்கள் பழைய ஒழுங்கைக் கைவிட்டார்கள். முன்பெல்லாம் பூனைக் குடும்பம் ஒரு வரிசை, குரங்குகள் ஒரு கட்டடம், பறவைகள் வேறொன்று என்று இனவாரியாக அடுக்குவதே வழக்கம். இங்கே உயிரினங்கள் பிறந்த மண்ணின்படி பிரிக்கப்பட்டன: இந்தோ-மலாயா, ஆபிரிக்கா, அமெரிக்கா, அவுஸ்திரேலாசியா, யூரேசியா, கனடிய வட்டாரம் என்று. இதன் விளைவை இரண்டு புலிகளிடம் பார்க்கலாம். சுமாத்திராப் புலி இந்தோ-மலாயாவில் இருக்கிறது, சைபீரியப் புலி என்று பலர் அறிந்த ஆமூர்ப் புலி யூரேசியாவில் இருக்கிறது. இரண்டும் ஒரே இனந்தான். ஆனாலும் ஒன்றைப் பார்த்துவிட்டு மற்றதைப் பார்க்க நெடுந்தூரம் நடக்கவேண்டும். காண்டாமிருகமும் அப்படியே. அசாமுக்கும் நேபாளத்துக்கும் உரிய ஒற்றைக்கொம்பன் ஒரு பக்கம், ஆபிரிக்காவின் வெள்ளைக் காண்டாமிருகம் வேறொரு பக்கம். 2016இல் ஒற்றைக்கொம்பன் ஒன்று இங்கு பிறந்தபோது சூட்டிய பெயர் நந்து.

கம்பிக்குப் பதிலாக அகழி வெட்டி, விலங்கும் பார்வையாளரும் ஒரே வெளியில் நிற்பதுபோலக் காட்டும் முறை இங்கு பல இடங்களில் உண்டு. அதைப் பரப்பியவர் ஜேர்மன் விலங்கு வணிகர் கார்ல் ஹாகன்பெக். 1907இல் ஹம்பர்க் அருகே அவர் திறந்த பூங்காதான் முன்மாதிரி. அவருடைய தம்பி முறையான ஜோன் ஹாகன்பெக் இலங்கையில் தொடங்கிய விலங்குத் தோட்டத்தை 1936இல் அரசு பொறுப்பேற்றது. அதுவே தெகிவளை மிருகக்காட்சிச்சாலை. தெகிவளையில் யானை ஆட்டம் பார்த்துவிட்டு ரொறன்ரோவுக்கு வந்தவர்கள், ஆக, ஒரே குடும்பத்தின் கைவண்ணத்தை இரு கண்டங்களில் பார்த்தவர்கள்.

ஆனால் தெகிவளைக்கு இல்லாத ஒரு சிக்கல் இங்கு உண்டு. பனிக்காலம். ஆண்டில் நாலைந்து மாதம் வெளியே நிற்க முடியாத விலங்குகளே இங்கு அதிகம். அதற்காகக் கட்டப்பட்டவைதான் பெரிய கண்ணாடிக்கூரை மண்டபங்கள். உள்ளே இருப்பது கூடுகளின் வரிசை இல்லை, வெப்பமூட்டிய காடு. மண், பாறை, நீரோடை, கூரையைத் தொடும் மரங்கள், அவற்றுக்கிடையே கட்டுப்பாடின்றிப் பறக்கும் பறவைகள். இந்தோ-மலாய மண்டபத்தில் ஒராங்குட்டான்களும் இருவாசிகளும் இருக்கின்றன. ஆபிரிக்க மழைக்காட்டு மண்டபத்தில் கொரில்லாக்கள். இந்தக் கொரில்லாக் குடும்பத்தின் தலைவனாக நெடுங்காலம் இருந்த சார்ல்ஸ், காபோனிலிருந்து 1974இல், மிருகக்காட்சிச்சாலை திறந்த அதே ஆண்டில், குட்டியாக வந்தது. 2024இல் 52ஆவது வயதில் இறந்தது. அந்த வாழ்வில் அரை நூற்றாண்டு ஸ்காபறோவில்.

இந்த மண்டபங்களின் அருமை தை, மாசி மாதங்களில்தான் தெரியும். வெளியே உறைகுளிர். கதவைத் திறந்து உள்ளே போன மறுகணம் மூக்குக்கண்ணாடியில் நீராவி படிந்து எதுவும் தெரியாமல் போகும். தடித்த கோட்டைக் கழற்றிக் கையில் தூக்கவேண்டும். ஈரமண்ணும் இலையும் அழுகும் வாசனை மெல்ல வரும். கோடையில் நெருக்கியடிக்கும் கூட்டம் அப்போது இருக்காது, ஒராங்குட்டானை அவசரமில்லாமல் பார்க்கலாம். மிருகக்காட்சிச்சாலை டிசெம்பர் 25 தவிர ஆண்டு முழுவதும் திறந்திருந்தும், தமிழ்க் குடும்பங்களில் பெரும்பாலானவை ஆடி, ஆவணி வெயிலில் மட்டும் வந்து களைத்துத் திரும்புவது வீண்.

குளிரை விரும்பும் உயிர்களும் இல்லாமல் இல்லை. 2009இல் திறந்த வடதுருவப் பகுதியில் துருவக்கரடி, கலைமான், துருவ நரி, வெண் ஓநாய் ஆகியவை இருக்கின்றன. ஆமூர்ப் புலியும் பனிச்சிறுத்தையும் வெண்பனி கொட்டும்போதுதான் உசார். ஓகஸ்ட் மதியத்தில் நிழலில் கவிழ்ந்து கிடக்கும் புலியைப் பார்த்து அது சோம்பேறி என்று முடிவு கட்டுபவர்கள் பருவம் மாறி வந்தவர்கள். கோடையில் பாதைகளில் கூடில்லாமல் உலாவும் மயில்களைக் கண்டு வேற்று நாட்டவர் படம் எடுப்பார்கள். தமிழர் சற்று நின்று பார்த்து, தோகை விரிக்காதா என்று காத்திருப்பார்கள்.

குளிரை வெல்ல முடியாமல் போன கதை யானைகளுடையது. இங்கிருந்தவை ஆபிரிக்க யானைகள். 2006க்கும் 2009க்கும் இடையில் நான்கு யானைகள் இறந்தன. மாதக்கணக்கில் உள்ளே அடைபட்டுக் கடினத் தரையில் நிற்கும் யானைக்கு மூட்டிலும் பாதத்திலும் நோய் வரும் என்ற வாதம் வலுத்தது. மிஞ்சிய டோகா, திக்கா, இரிங்கா மூன்றையும் கலிபோர்னியாவில் உள்ள சரணாலயம் ஒன்றுக்கு அனுப்ப நகரசபை 2011இல் தீர்மானித்தது. மிருகக்காட்சிச்சாலைப் பணியாளர் பலர் அதை எதிர்த்தார்கள். விலங்கைப் பற்றிய முடிவை விலங்கறிந்தவர் எடுக்காமல் அரசியல்வாதிகள் எடுப்பதா என்பது அவர்கள் கேள்வி. நகரசபையின் இந்தத் தீர்மானத்தால் 2012இல் அமெரிக்க மிருகக்காட்சிச்சாலைகள் சங்கத்தின் அங்கீகாரம் பறிபோய், 2016இல்தான் திரும்பக் கிடைத்தது. 2013 ஒக்டோபரில் யானைகள் பாரவூர்திகளில் நாலாயிரம் கிலோமீற்றருக்கு மேல் பயணம் செய்து தெற்கே போய்ச் சேர்ந்தன. செலவை ஏற்றவர் அமெரிக்கத் தொலைக்காட்சி நடத்துநர் பொப் பார்க்கர். முடிவெடுத்த விதம் கோணலாக இருக்கலாம், முடிவு சரியானது. இப்போது இங்கு யானை இல்லை. தெகிவளை நினைவோடு வரும் முதியோர் முதலில் கேட்பது அதைத்தான்.

யானை போன அதே ஆண்டில் பாண்டாக்கள் வந்தன. சீனா பத்தாண்டுக் கடனாகக் கொடுத்த எர் ஷுன், டா மாவோ இரண்டையும் விமான நிலையத்தில் பிரதமர் வரவேற்றார். அவற்றின் மூங்கில் அமெரிக்காவின் மெம்பிஸிலிருந்து விமானத்தில் வந்தது. 2015 ஒக்டோபரில் பிறந்த இரட்டைக் குட்டிகள் கனடாவில் பிறந்த முதல் பாண்டாக்கள். 2018இல் அவை எல்லாம் கல்கரிக்கு மாற்றப்பட்டன. கொவிட் காலத்தில் மூங்கில் விமானங்கள் தடைப்பட, 2020இல் எர் ஷுனும் டா மாவோவும் தவணைக்கு முன்னரே சீனாவுக்குத் திரும்பின.

நடைபாதைகள் மொத்தம் பத்துக் கிலோமீற்றர் அளவில் வரும். ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்க்க நினைப்பவர்கள் பின்னேரம் பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு நடப்பார்கள். கடினமானது கனடிய வட்டாரம். காட்டெருமை, மூஸ், கிறிஸ்லிக் கரடி, லிங்ஸ் எல்லாம் பள்ளத்தாக்கின் அடியில். இறங்குவது இலகு, செங்குத்தான சரிவில் ஏறுவதுதான் கஷ்டம். முன்பு அங்கே போக மொனோரெயில் இருந்தது. 1994இல் நடந்த விபத்தோடு அது நிறுத்தப்பட்டது. ஆகவே காலையில் கால் உரமாக இருக்கும்போதே பள்ளத்தாக்கை முடித்துவிடுவது நல்லது. வெளியிலிருந்து சாப்பாடு கொண்டுவரலாம். மேசைகளில் மீன் ரோல்ஸும் கட்லட்டும் விரிவதைச் சனி, ஞாயிறுகளில் காணலாம்.

இங்கு நடக்கும் வேலைகளில் பெறுமதி கூடியதைப் பார்வையாளர் பார்ப்பதில்லை. கீரியின் சாயலில் இருக்கும் கருங்கால் ஃபெரெட் கனடாவில் 1937க்குப் பிறகு காணப்படவில்லை. உலகிலிருந்தே அழிந்துவிட்டதாக நினைத்திருந்தபோது, 1981இல் அமெரிக்காவின் வயோமிங்கில் ஒரு பண்ணை நாய் ஒன்றைக் கவ்விக்கொண்டு வந்தது. 1987இல் மிஞ்சியவை 18. அவற்றின் வழிவந்தவற்றை ரொறன்ரோ 1992 முதல் இனப்பெருக்கம் செய்துவருகிறது. 2009இல் சஸ்கச்சுவானின் புல்வெளித் தேசியப் பூங்காவில் 34 ஃபெரெட்கள் விடப்பட்டன. வான்கூவர் தீவின் மார்மட்டுக்கும் இதே பணி நடக்கிறது.

மிக அருகில், வேலிக்கு வெளியே, நடப்பது பிளாண்டிங் ஆமையின் வளர்ப்பு. மஞ்சள் தொண்டையுள்ள இந்த உள்ளூர் ஆமை ரூஜ் பள்ளத்தாக்கிலிருந்து அற்றுப்போகும் நிலையில் இருந்தது. முட்டையைப் பொரிக்கவைத்து, இரண்டு ஆண்டு உள்ளே வளர்த்து, பிறகு ஈரநிலத்தில் விடுகிறார்கள். முதல் பத்து ஆமைகள் 2014இல் விடப்பட்டன. இவ்வினம் முட்டையிடும் பருவத்தை எட்ட 14 முதல் 25 ஆண்டுகள் வரை ஆகும்.