பூச்சி கடித்த கொழுந்து

தைவானுக்குப் போய் வந்த தோழர் ஊலாங் தேயிலை கொடுத்தார். பாதி மட்டும் புளிக்கவிட்ட இலை. பால், சீனி கூடாதாம். வெந்நீரில் ஊறவைத்துக் குடித்தேன். பழமும் பூவும் கலந்த வாசம், தேன் மாதிரி தொண்டையில் நின்றது. தத்துப்பூச்சி கடித்த கொழுந்தில்தான் இந்த ருசியாம். அதற்கே அங்கே விலை அதிகம்.

சேரியிலிருந்து மலையேறி வால்பாறையில் 28 வருசம் கொழுந்தெடுத்தது எங்கம்மா. பூச்சிக்கடி இலை கூடையில் கிடந்தால் மேஸ்திரி எடையில் கழிப்பான். லைன் வீட்டில் நாங்கள் குடித்ததெல்லாம் டஸ்ட் தூள்.

அம்மாவுக்கு ஒரு டம்ளர் கொடுத்தேன். குடிக்காமல் மோந்து பார்த்துக்கொண்டே இருந்துச்சு.

"வாடப் போட்ட கொழுந்து வாசம்டா இது. ராத்திரி பேக்டரியிலருந்து லைன் வரைக்கும் அடிக்கும். நாமதான் ஒருநாளும் குடிச்சதில்ல."

அப்புறம், "கொஞ்சம் சீனி போடேன்" என்றது.