இலையில்லா மரத்தில் பூ

இலண்டனுக்கு நாங்கள் வந்த முதற் குளிர்காலத்தில், தெருமரங்கள் எல்லாம் பட்டுப்போனவை என்றே நினைத்தோம். அம்மா ஒன்றை நகத்தால் சுரண்டிப் பச்சை இருக்கிறதா என்றும் பார்த்தார்.

தை மாதத்தில் ரிச்மண்ட் பக்கமுள்ள கியூ தாவரவியற் பூங்காவுக்குப் போய்ப் பாருங்கள். ஓர் இலைகூட இல்லாத விட்ச் ஹேசல் செடியில் மஞ்சள் நூல் நூலாகப் பூத்திருக்கும். கடுங்குளிரில் இதழ்கள் சுருண்டுகொள்ளும். குளிர் தணிய விரியும்.

மே மாதத்தில் டேவிடியா மரம் வெள்ளைக் கைக்குட்டைகளைத் தொங்கவிடும். இதன் விதை தேடி 1900இல் சீனாவில் அலைந்த வில்சன் என்ற ஆங்கிலேயர், முன்பு ஒருவர் கண்டு சொன்ன இடத்தில் கண்டது அடிக்கட்டையைத்தான். மரத்தை வெட்டி வீடு கட்டிவிட்டார்களாம்! பிறகு வேறிடத்தில் மரங்களைக் கண்டு விதை அனுப்பினார்.

1762இல் நட்ட கிங்கோ, கார்த்திகையில் பொன்மஞ்சளாகிச் சில நாட்களிலேயே இலை முழுவதையும் கொட்டிவிடும்.

சென்ற தையில் அம்மாவையும் கூட்டிச் சென்றோம். விட்ச் ஹேசலை அவர் சுரண்டவில்லை. குனிந்து மணந்து பார்த்தார்.