குறிலும் நெடிலுமாய் ஒரு கணிப்பொறி

ஒலி அட்டை இல்லாத பழைய கணிப்பொறியை ஊமை என்று ஒதுக்கிவிடுவது வழக்கம். அது முழு உண்மையன்று. அத்தகைய பெட்டிகள் பலவற்றினுள்ளே, தாய்ப்பலகையோடு இணைந்த சிறிய ஒலிப்பான் ஒன்று இருக்கும். பொத்தானை அழுத்தியதும் ‘பீப்’ என்று ஒருமுறை கூவுவது அதுதான்.

எங்கள் தமிழ்த்துறையில் அப்படியொரு பெட்டி உண்டு. 2004இல் வாங்கியது, ஒலி அட்டை பொருத்தப்படாத சர்வர் வகை. ஓலைச்சுவடிகளைப் படமெடுத்துச் சேமிக்கும் பணியை இப்போது அதனிடம் ஒப்படைத்திருக்கிறோம். சுவடியோடு பழகியவர்கள் அறிவார்கள்: எலுமிச்சைப்புல் எண்ணெய் தோய்ந்த விரல்களால் ஓலையைத் தாங்கியிருக்கும்போது விசைப்பலகையைத் தொட முடியாது. கண்ணை எடுத்துத் திரையைப் பார்ப்பதும் ஆபத்து. ஓரம் உதிரும் ஓலையை ஒருமுறை புரட்டலாம். படம் பதிவாகவில்லையென்று மறுபடி புரட்டினால், ஓர் எழுத்தேனும் மேசையில் துகளாகக் கிடக்கும். எனவே புரட்டுவதற்கு முன்பே, படம் இரண்டு வட்டுகளிலும் பழுதின்றிப் பதிந்ததா என்று தெரிந்தாக வேண்டும். கையும் கண்ணும் ஓலைக்குப் போய்விட்டபின் எஞ்சியிருப்பது செவி ஒன்றே.

யூஎஸ்பி ஒலிக்கருவி ஒன்றை வாங்கிச் செருகலாமே என்று நண்பர்கள் கேட்டார்கள். செருகலாம். ஆனால் அதற்குத் தனி ஒலிபெருக்கி வேண்டும். யாரேனும் ஒலியளவைக் குறைத்துவிட்டுப் போனால் அறிவிப்பும் அடங்கிவிடும். உள்ளிருக்கும் ஒலிப்பானுக்குத் திருகு இல்லை. அந்தக் குறையே எங்களுக்கு நிறைவாயிற்று.

இதன் பூர்வீகம் பழையது. கணிப்பொறிகளுக்கு முன்னோடியான தொலையச்சு இயந்திரங்களில் உண்மையான மணியே இருந்தது. ஆஸ்கி குறியீட்டில் 7ஆம் எண் அந்த மணிக்கு உரியது. எழுத்தாக அச்சிடப்படாமல் ஓசையாக மட்டும் ஒலிக்கும் எண் அது. 1981இல் வெளிவந்த ஐபிஎம் பிசியில் இன்டெல் 8253 என்னும் காலக்கணிப்புச் சில்லு ஒலிப்பானை இயக்கிற்று. நொடிக்கு 1193182 துடிப்புகளை ஓர் எண்ணால் வகுத்து அது சுரத்தை உண்டாக்கும். 1193 என்று கொடுத்தால் ஏறத்தாழ 1000 ஹெர்ட்ஸ். ஒரு நேரத்தில் ஒரு சுரம்; அதன் உயரத்தையும் நீளத்தையும் மட்டுமே மாற்றலாம்.

லினக்ஸில் இதை எழுப்புவது கடினமன்று. பிசிஸ்பீக்கருக்கான நிரல்கூறு சில வழங்கல்களில் தானாக ஏறாதபடி தடுக்கப்பட்டிருக்கும். அதை ஏற்றிவிட்டு, ‘பீப்’ என்னும் சிறு மென்பொருளிடம் எத்தனை ஹெர்ட்ஸ், எத்தனை மில்லிநொடி என்று சொன்னால் போதும்.

என்ன சொல்ல வைப்பது என்பதே எங்கள் கேள்வியாயிற்று. நீளத்தை வைத்து ஒலியைப் பகுப்பது தமிழாசிரியர்களுக்குப் புதிதா என்ன? கண்ணிமைக்கும் நேரம், விரல் நொடிக்கும் நேரம் என்று மாத்திரையை அளந்தவர் தொல்காப்பியர். குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு. 200 மில்லிநொடியைக் குறிலாகவும் 400ஐ நெடிலாகவும் கொண்டோம். இரு குறில் ஒலித்தால், இரண்டு வட்டுகளிலும் உள்ள படியை மீண்டும் படித்து ஒப்பிட்டாயிற்று, புரட்டலாம் என்று பொருள். ஒரு நெடில் ஒலித்தால், பதியவில்லை, ஓலையை அப்படியே தாங்குக என்று பொருள். ஒரு நெடிலும் இரு குறிலும் சேர்ந்த ஓசையைத் தவிர்த்தோம். பல பழைய பெட்டிகளில் அது திரை அட்டையின் கோளாற்றைச் சொல்லும் குறி.

மௌனம் சம்மதம் என்பார்கள். இங்கே அதற்கு இடமில்லை. வெற்றிக்கு மட்டும் ஓசை வைத்தால், தோல்வியும் தாமதமும் ஒன்றுபோல் ஒலியற்றிருக்கும். தோல்விக்கு மட்டும் வைத்தாலோ, நின்றுபோன நிரலை வெற்றியென்று எண்ணிப் புரட்டிவிடுவோம். ஆகவே இரண்டுக்கும் ஓசை தந்து, மௌனத்துக்குக் ‘காத்திரு’ என்ற ஒரே பொருளை விட்டுவைத்தோம்.

நன்னூலார் ஓரெழுத்தொருமொழிகள் 42 என்று கணக்கிட்டார். எங்கள் பெட்டிக்குத் தெரிந்தவை இரண்டே சொற்கள். கேட்போர் பொருளில் உடன்பட்டிருந்தால் இரண்டும் போதும். இரு குறில் கேட்கும்வரை ஓலை அசைவதில்லை.