சோதனைகளை எதிர்கொள்ளல்

தமிழில் "சோதனை" என்ற சொல்லை நாம் பல இடங்களில் பாவிக்கின்றோம். பிள்ளைகள் எழுதும் பரீட்சையும் சோதனைதான். வீதித் தடையில் இறங்கி நின்று பையைத் திறந்து காட்டியதும் சோதனைதான். வீட்டில் ஓர் இழப்பு வந்தால் "கடவுள் சோதிக்கிறார்" என்கின்றோம். கர்த்தர் கற்பித்த செபத்தில், சோதனையில் எங்களை விழவிட வேண்டாம் என்று கத்தோலிக்கர் கேட்பதும் இதே சொல்லால்தான். இத்தனை அர்த்தங்கள் ஒரே சொல்லுக்குள் வந்து சேர்ந்ததால் எமது பெண்கள் பலர் குழம்பிப் போயிருப்பதை எனது வேலையில் அடிக்கடி காண்கின்றேன்.

பெண் தலைமைத்துவக் குடும்பங்களின் கூட்டம் ஒன்றில் ஒரு தாய், "என்ரை பிள்ளை காணாமல் போனது நான் செய்த பாவத்துக்கு ஆண்டவர் தந்த சோதனை, தங்கச்சி. அதை ஏன் எண்டு கேக்கக் கூடாது" என்றார். நான் சமூகவியல் படித்தவள். யுத்தம், வறுமை, சட்டம், அதிகாரம் என்று காரணங்களைத் தேடவே எனக்குக் கற்றுத் தந்தார்கள். அந்தத் தேடல் அவசியமானது. ஆனால் இரவில் நித்திரை வராமல் தன் நினைவுகளோடு தனியே போராடும் பெண்ணுக்கு அது மட்டும் போதாது. கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவள் என்ற வகையில், அந்தப் போராட்டத்தைப் பற்றித் திருச்சபையின் மரபு என்ன சொல்கின்றது என்று தேடிப் படித்தேன். அதில் எமக்கு உதவக்கூடிய சிலவற்றை இங்கே பகிர்ந்து கொள்கின்றேன். மற்றைய சமயச் சகோதரிகளுக்கும் இவை பயன்படலாம்.

முதலாவது, துன்பம் வேறு, சோதனை வேறு. கடவுள் எவரையும் தீமை செய்யத் தூண்டுவதில்லை என்பதை யாக்கோபு எழுதிய திருமுகத்தின் முதலாம் அதிகாரம் தெளிவாகச் சொல்கின்றது. 2017ஆம் ஆண்டு பாப்பரசர் பிரான்சிஸும், மனிதரைச் சோதனைக்குள் தள்ளிவிடுபவர் தந்தையாகிய கடவுள் அல்ல என்று விளக்கினார். கடவுளே சோதனைக்குள் கொண்டு போகிறார் என்று பொருள்படும் விதத்தில் இருந்த அந்தச் செபத்தின் இத்தாலிய வாசகம், 2020 முதல் திருப்பலியில் மாற்றப்பட்டது. ஆகவே செல்லடியும் இடப்பெயர்வும் காணாமல் ஆக்கப்படுதலும் கடவுள் எமக்கு வைத்த பரீட்சைகள் அல்ல. அவை மனிதர் மனிதருக்குச் செய்தவை. அவற்றுக்கு நியாயம் கேட்பது கடவுளை எதிர்ப்பதாகாது. அந்த வலிக்குப் பின்னால் எமக்குள் எழும் இழுப்புத்தான் சோதனை. "நான் ஒன்றுக்கும் உதவாதவள்" என்ற எண்ணம், பழிவாங்கும் வெறி, கோபத்தைப் பிள்ளையின் முதுகில் தீர்க்கும் கை, இனி ஒன்றுமே இல்லை என்ற விரக்தி ஆகியவை அப்படிப்பட்டவை.

இரண்டாவது, சோதிக்கப்படுவது பாவம் அல்ல. இயேசுவும் பாலைவனத்தில் நாற்பது நாள் பசித்திருந்த பின்னரே சோதிக்கப்பட்டார். சீருடையைக் கண்டால் மனம் கொதிக்கின்றது என்பதற்காக மூன்று வருடமாக நற்கருணை வாங்காமல் இருந்த ஓர் அம்மாவை எனக்குத் தெரியும். கொதிப்பு தானாக வருவது, அதற்கு மனதார இணங்கித் தீமை செய்ய முடிவெடுப்பதே பாவம் என்று பங்குத் தந்தை விளக்கிய பின்னர், அவர் அழுதுகொண்டே வரிசையில் போய் நின்றார். கொதிப்பு இன்றும் வருகின்றது. அதனால் தான் கெட்டவள் என்று அவர் இப்போது நினைப்பதில்லை.

மூன்றாவதாகப் புனித இஞ்ஞாசியாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். இயேசு சபையைத் தொடங்கிய இவர் போரில் காயப்பட்டவர். 1521இல் ஸ்பெயினின் பம்பலோனாக் கோட்டைச் சண்டையில் பீரங்கிக் குண்டு இவரது காலை உடைத்தது. படுக்கையில் கிடந்த மாதங்களில்தான் தனது எண்ணங்களைக் கவனிக்கத் தொடங்கினார். சில எண்ணங்கள் வரும்போது இனித்து, போன பின் மனதை வறட்சியாக்கின. சில எண்ணங்கள் போன பின்னும் அமைதியை விட்டுச் சென்றன. அடுத்த வருடம் மன்ரேசா என்ற ஊரில் இருந்தபோது, செய்த பாவங்களையே திரும்பத் திரும்ப நினைத்துக் குற்ற உணர்வால் வாடி, உயிரை மாய்த்துக் கொள்ளும் எண்ணம்வரை போனார். அந்த எண்ணங்கள் கடவுளிடமிருந்து வரவில்லை என்று கண்டுகொண்டதே அவருக்கு விடுதலையாக இருந்தது. இந்த அனுபவங்களிலிருந்து அவர் எழுதிய ஞானப் பயிற்சிகள் 1548இல் பாப்பரசரின் அங்கீகாரம் பெற்றது. அதிலுள்ள மூன்று அறிவுரைகளை எமது பெண்கள் குழுவில் நாம் கதைப்பதுண்டு.

மனம் இருண்டிருக்கும் வேளையில், தெளிவாக இருந்தபோது எடுத்த முடிவை மாற்றக்கூடாது என்பது ஒன்று. மகளை உயர்தரம்வரை படிப்பிப்பது என்று முடிவெடுத்த தாய், கடன்காரன் வந்து கத்திவிட்டுப் போன இரவில் அவளுக்குக் கலியாணம் பேச நினைக்கலாம். அந்த இரவு முடிவெடுக்கும் இரவு அல்ல.

தீமை இரகசியத்தை விரும்பும் என்பது இன்னொன்று. பெண்ணை ஏமாற்ற வருபவன் "ஒருத்தருக்கும் சொல்லாதே" என்பதுபோல அதுவும் நடந்துகொள்ளும் என்கிறார் இஞ்ஞாசியார். நம்பிக்கையான ஒருவரிடம் சொன்னவுடன் அதன் பலம் குறைந்துவிடும். வீட்டுத்திட்டப் பட்டியலில் பெயர் போடுவதாகக் கூறித் தனியே வரச் சொல்பவனும் இதைத்தான் கேட்பான். அங்கே பாவம் அவனுடையது, அந்தப் பெண்ணுடையது அல்ல. மௌனத்தை உடைப்பது அவளுக்கு வெட்கமும் அல்ல.

எதிரி கோட்டையைச் சுற்றி வந்து பலவீனமான பக்கத்தைப் பார்த்தே தாக்குவான் என்பது மூன்றாவது. எமது பலவீனமான பக்கம் எது என்று நாம் அறிந்திருக்க வேண்டும். சிலருக்கு அது மே மாதம், சிலருக்கு நத்தார் இரவு. எமது குழுவில் ஒரு பெண், கணவரின் நினைவு நாள் வரும் கிழமையில் தமக்கை வீட்டில் போய் நிற்பதை வழக்கமாக்கிக் கொண்டுள்ளார்.

இன்னோரிடத்தில் இஞ்ஞாசியார், தீமையானது சண்டைக்கு வரும் பெண்ணைப் போன்றது, உறுதியாக நின்றால் பின்வாங்கிவிடும் என்று எழுதியுள்ளார். வாசித்தபோது எனக்குக் கோபம் வந்தது. பதினாறாம் நூற்றாண்டு ஆணின் பார்வை அது. காணாமல் போனவர்களைத் தேடி வெயிலிலும் மழையிலும் வருடக்கணக்காக வீதியோரம் அமர்ந்திருக்கும் எமது தாய்மாரைக் கண்டிருந்தால் அவர் வேறு உவமை தேடியிருப்பார். ஆனால் பயந்து ஒதுங்கினால் தீமை வளரும், முகம் கொடுத்தால் சுருங்கும் என்ற கருத்து உண்மையானது.

ஒன்றை மறக்கக் கூடாது. எல்லா மனச்சோர்வும் சோதனை அல்ல. கிழமைக்கணக்காக நித்திரையும் பசியும் இல்லாமற் போனால் அது நோயாக இருக்கலாம். செபம் செய்யும் அதேவேளை வைத்தியரிடமும் போக வேண்டும். உயிரை விடும் எண்ணம் வந்தால் அன்றைக்கே ஒருவருக்குச் சொல்லுங்கள். தேசிய மனநல உதவித் தொலைபேசி இலக்கம் 1926. வன்முறைக்கு முகம் கொடுக்கும் பெண்கள் 1938 என்ற இலக்கத்தை அழைக்கலாம்.

பிள்ளைகள் படுத்த பின்னர் கால்மணி நேரம் எடுத்து, இன்று எனக்குக் கிடைத்த நன்மை எது, என்னைக் கீழே இழுத்த எண்ணம் எது, அது எந்த வேளையில் வந்தது என்று கேட்டுப் பாருங்கள். ஒரு மாதம் செய்தால் அந்த எண்ணம் வரும் வழி உங்களுக்குத் தெரிந்துவிடும். வழி தெரிந்தால் வாசலில் நின்று மறிக்கலாம். தனியே மறிக்க முடியாத நாளில் பக்கத்து வீட்டு அக்காவையும் கூப்பிடுங்கள்.