காணாமற்போன இரண்டு ஜி.பி.

தமிழ் கற்பிக்கும் ஒருவன் கணினியின் உள்ளுறுப்புகளைப் பற்றி எழுதப் புகுவது அத்துமீறலாகத் தோன்றலாம். ஆயினும், அறியாமையால் ஓர் இளைஞர்மீது நான் சுமத்திய பழியை எங்கேனும் எழுதி வைத்தாக வேண்டும். அதற்கு இம்மலரினும் தக்க இடம் எனக்கு வேறில்லை.

சில ஆண்டுகளுக்கு முன், கல்லூரியில் சேர்ந்த என் மகளுக்கு மடிக்கணினி ஒன்று வாங்கினேன். பெட்டியின்மீது நினைவகம் 8 ஜி.பி. என அச்சிட்டிருந்தது. ஓராண்டு கழிந்து விசைப்பலகை பழுதுபட, காரைக்காலில் ஒரு கடையில் கொடுத்து மறுநாள் வாங்கி வந்தேன். போலகத்து வீட்டுத் திண்ணையில் அமர்ந்து அதனைத் திறந்தபோது திரையில் ஒரு வரி கண்ணிற்பட்டது: நிறுவப்பட்ட நினைவகம் 8.00 ஜி.பி.; பயன்படுத்தத்தக்கது 5.9. அவ்வரியை முன்பு நான் பார்த்ததே இல்லை என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை. இரண்டு ஜி.பி. களவு போயிற்று என்று தீர்மானித்தேன். அஸருக்குப் பின் வண்டியை எடுத்துக்கொண்டு கடைக்குச் சென்று, நின்றிருந்த நால்வர் முன்னிலையில், "தம்பி, நம்பிக் கொடுத்த பொருளில் கைவைக்கலாமா?" என்று கேட்டேன்.

அவர் சினங்கொள்ளவில்லை. அடித்தட்டின் திருகுகளைக் கழற்றி உள்ளிருந்த நினைவகத் துண்டைக் காட்டினார். ஒரே துண்டு, அதன்மேல் 8 ஜி.பி. என்ற ஒட்டுச்சீட்டு. "இதிலே இரண்டை மட்டும் வெட்டி எடுக்க முடியாது சார். திரையில் படம் வரைகிற பகுதிக்கு இதிலிருந்துதான் ஒதுக்கியிருக்கு" என்றார். எனக்கு விளங்கவில்லை. விளங்கியதுபோல் தலையசைத்துவிட்டு வந்துவிட்டேன்.

பின்னர் மெல்ல மெல்ல அறிந்துகொண்டதைச் சொல்கிறேன். கணினித் திரையில் நாம் காணும் எழுத்தும் படமும் முதலில் எண்களாக நினைவகத்தில் எழுதப்படுகின்றன. அகலத்தில் 1920, உயரத்தில் 1080 புள்ளிகள் கொண்ட திரையில், புள்ளி ஒன்றுக்கு 4 பைட்டு என்றால் ஒரு முழுப்படத்திற்கு ஏறத்தாழ 83 இலட்சம் பைட்டு வேண்டும். திரை நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுவதால், நொடிதோறும் ஏறக்குறைய 50 கோடி பைட்டுகள் நினைவகத்திலிருந்து படித்தெடுக்கப்படுகின்றன. இஃது அசையாத ஒரு பக்கத்தைக் காட்டுவதற்கு மட்டுமே. விளையாட்டும் திரைப்படமும் இன்னும் மிகுதியாகக் கேட்கும். விலை மிகுந்த கணினிகளில் இப்பணிக்குத் தனி வரைகலை அட்டையும் அதற்கே உரிய தனி நினைவகமும் உண்டு. ஏனையவற்றில் அது பொது நினைவகத்தையே பங்கிட்டுக்கொள்கிறது. 1999-இல் இன்டெல் வெளியிட்ட 810 சில்லுத்தொகுதி அவ்வாறு பங்கிட்டது. 2011-இல் வந்த அந்நிறுவனத்தின் செயலிகளில் வரைகலைப் பகுதி செயலியின் சில்லுக்குள்ளேயே குடியேறிவிட்டது. மலிவான மடிக்கணினிகள் ஏழை மாணவர் கைக்கும் எட்டியதில் இச்சிக்கனத்துக்குப் பெரும்பங்கு உண்டு.

எனக்கு இது முழுமையாகப் புலப்பட்டது, வாப்பாவின் வயல் நினைவுக்கு வந்த பிறகே. போலகம் காவிரிப் பாசனத்தின் கடைமடை. மேலே எவ்வளவு திறந்தாலும் எங்கள் மதகுக்கு எவ்வளவு வந்து சேரும் என்பதே வாப்பாவின் கேள்வியாக இருந்தது. 2007-இல் நடுவர் மன்றம் காரைக்காலுக்கென்று புதுச்சேரிக்கு 7 டி.எம்.சி. ஒதுக்கியது. 2018-இல் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டின் பங்கையும் கருநாடகத்தின் பங்கையும் மாற்றியபோதும் அந்த ஏழில் கைவைக்கவில்லை. கணினி தொடங்கும்போதே வரைகலைக்கென ஒதுக்கப்படும் பங்கும் இத்தகையதே. வேறு எவரும் அதனைத் தொட இயலாது. அதற்கு மேலும் தேவைப்பட்டால் பொதுவிலிருந்து பெற்றுக்கொண்டு, வேலை முடிந்ததும் திருப்பிவிடும். இந்தப் 'பகிர்வு நினைவகம்' என்ற தலைப்பில் விண்டோசு, மொத்தத்தில் பாதியளவை ஓர் எண்ணாகக் காட்டும். அதைக் கண்டு பாதி பறிபோயிற்று என அஞ்சுவோர் உளர். அஃது உச்சவரம்பு மட்டுமே.

ஆனால் ஒதுக்கீடு ஒன்று, ஓட்டம் வேறொன்று. காரைக்காலின் ஏழு டி.எம்.சி. தனிக் கால்வாயில் வருவதில்லை. தஞ்சை, திருவாரூர், நாகை வயல்களுக்கு நீர் சுமக்கும் அதே ஆறுகளில்தான் வரவேண்டும். செயலியும் வரைகலையும் அவ்வாறே நினைவகத்துக்கு ஒரே வழியில் சென்று வருகின்றன. இன்று பரவலாக உள்ள டி.டி.ஆர்.4 வகையில், 3200 வேகமுடைய ஒற்றைத் துண்டின் வழியே நொடிக்கு 25.6 ஜி.பி.க்கு மேல் செல்லாது. இரண்டு துண்டுகளை இரு தடங்களில் பொருத்தினால் அது இருமடங்காகும். வரைகலைக்கு உண்மையில் வாட்டம் தருவது அளவைவிட இந்த ஓட்டமே என்பதை அறிந்தபோது, வாப்பாவிடம் இதைச் சொல்லியிருந்தால் உடனே விளங்கிக்கொண்டிருப்பார் என்று தோன்றிற்று.

இன்னொன்றும் என்னை நாணச் செய்தது. மெய்க்கு அரை மாத்திரை, குறிலுக்கு ஒன்று. இரண்டும் கூடிய உயிர்மெய்க் குறிலுக்கும் ஒன்றே. அந்த அரை எங்கே போயிற்று என்று முதலாண்டு மாணவர் கேட்கும்போதெல்லாம், உயிருக்குள் அடங்கி நிற்கிறது, தொலையவில்லை என்று பொறுமையாக விளக்குபவன் நான். கடைக்காரரிடம் மட்டும் அப்பொறுமை இல்லாமற் போயிற்று.

சில வாரங்கள் தயங்கிய பின் கடைக்குச் சென்று மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை சார், நிறையப் பேர் கேட்கிறதுதான்" என்றார். அவரிடமே இன்னொரு துண்டு வாங்கி, வெறுமையாக இருந்த இரண்டாம் இடத்தில் பொருத்தச் சொன்னேன். மகளின் கணினி முன்னினும் விரைவாக இயங்குகிறது. நினைவகம் 16.0, பயன்படுத்தத்தக்கது 13.9 என்று திரை காட்டுகிறது. அன்று என் கேள்வியைக் கேட்டு நின்ற நால்வர் யாரென எனக்குத் தெரியாது. மன்னிப்புக் கேட்டபோது கடையில் நாங்கள் இருவர் மட்டுமே இருந்தோம்.